கண்ணாடிக் கோலும் கண்ணாடிப் பெட்டியும்

பழைய பொருளைக் கண்டால் சிலருக்குக் கை கூப்பத் தோன்றும். சிலருக்குக் குப்பைத்தொட்டி ஞாபகம் வரும். இன்னும் சிலருக்கு உப்புத்தாளும் ஸ்ப்ரே பெயிண்டும் எடுத்துக்கொண்டு மேலே பாயத் தோன்றும். மூன்றுமே வியாதிதான். இந்த மூன்று வியாதியும் சேர்ந்து ஒரு அப்பாவிப் பொருளை என்ன பாடு படுத்தும் என்பதற்கு அமெரிக்காவின் பழைய அல்ட்ராலைட் தூண்டில் கோலை விட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

தூண்டில் என்றதும் மூங்கில் கழியும் தங்கூசியும் தக்கையும் மண்புழுவுமாக ஒரு கண்மாய்க்கரை ஞாபகத்துக்கு வந்தால், அதைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள். இது வேறு ரகம். நீளம் ஐந்து முதல் ஆறரை அடி. பெரும்பாலும் இரண்டு துண்டு. நடுவில் உலக்கைக்குப் போடுவது போல உலோகப் பூண் போட்டு, ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி இணைப்பார்கள். அடியில் தக்கையால் செய்த கைப்பிடி. அதில் சின்னதாக ஒரு ஸ்பின்னிங் ரீல். கோல் நெடுக நரம்பு ஓடுவதற்கு வளையங்கள். இதில் கட்டி வீசுகிற பொய் இரை ஒரு அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு வரைக்கும் லேசாக இருக்கும். அதாவது ஏறக்குறைய 1.8 கிராம். ஒரு ரூபாய் நாணயம் கூட அதை விட கனம்! நரம்பு 2 முதல் 6 பவுண்டு இழுவை தாங்கினால் போதும். குளிர்ந்த ஓடைகளில் ட்ரவுட், குளங்களில் புளூகில், கிராப்பி என்று சின்ன மீன்கள்தான் இலக்கு.

இவ்வளவு லேசான இரையைக் கையால் எறிந்தால் நாலு அடி போகாது. கோல்தான் எறிய வேண்டும். பின்னால் ஓங்கும்போது அந்தத் துளியூண்டு கனத்துக்கே கோல் வளைய வேண்டும். முன்னால் வீசும்போது நிமிர்ந்து உதைத்துத் தள்ள வேண்டும். வில் மாதிரி. மீன் மாட்டிய பிறகும் அதே வளைவுதான் வேலை செய்கிறது. மீன் திமிறுகிற ஒவ்வொரு வெட்டையும் கோல் வாங்கிக்கொள்வதால்தான் இழை போன்ற அந்த நரம்பு அறுந்துபோகாமல் நிற்கிறது. ஆக, கோலின் உயிர் அதன் வளைவில் இருக்கிறது. மற்றதெல்லாம் உடுப்பு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மொத்தச் சண்டையும் இதைச் சுற்றித்தான்.

கண்ணாடி வந்த கதை

1940-கள் வரை நல்ல தூண்டில் கோல் என்றால் மூங்கிலைப் பட்டை பட்டையாகச் சீவி, ஆறு பட்டைகளை ஒன்றாக ஒட்டிச் செய்தது. அதற்கு ஏற்ற டோங்கின் மூங்கில் தெற்குச் சீனாவிலிருந்து வர வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கண்ணாடி இழையையும் ரெசினையும் சேர்த்துப் பொருள் செய்யும் வித்தை வேகமாக வளர்ந்தது. ஆர்தர் ஹோவால்ட் என்ற பிளாஸ்டிக் ஆராய்ச்சியாளர் அதைத் தூண்டில் கோலுக்குக் கொண்டுவந்தார். மிஷிகன் மாநிலத்துக் கலமசூவில் இருந்த ஷேக்ஸ்பியர் கம்பெனி (நாடகம் எழுதியவர் இல்லை, தூண்டில் செய்தவர்கள்) 1947-ல் வொண்டர்ராட் என்ற பெயரில் அதை விற்க ஆரம்பித்தது. 1950 டிசம்பரில், கொரியப் போரையொட்டி, அமெரிக்கா சீனாவுடன் வணிகத்தை நிறுத்தியது. மூங்கில் வரத்தும் நின்றது. கண்ணாடிக்கு ராஜயோகம்!

அதே சமயத்தில் பிரான்சிலிருந்து மிட்செல் ஸ்பின்னிங் ரீல்கள் அமெரிக்காவுக்கு வந்து குவிந்தன. மிட்செல் 308 போன்ற குட்டி ரீல்களும், மெல்லிய நைலான் நரம்பும், வளைகிற கண்ணாடிக் கோலும் ஒன்று சேர்ந்ததில் பிறந்ததுதான் அல்ட்ராலைட் மோகம். 1960-களில் ஃபென்விக் கம்பெனி உலோகப் பூணே இல்லாமல் கண்ணாடிக்குள் கண்ணாடி செருகும் இணைப்பைக் கொண்டுவந்தது. கடைசியில் அதே ஃபென்விக்தான் 1973-ல் கிராஃபைட் கோலைச் சந்தையில் இறக்கி, கண்ணாடியின் கதையை முடித்தும் வைத்தது. அடுத்த பதினைந்து வருடங்களுக்குள் கண்ணாடிக் கோல்கள் கார் கொட்டகைகளின் மூலைக்குப் போய்விட்டன.

இப்போது அந்தக் கோல்களை வாங்கிய தலைமுறை முதுமையில் இருக்கிறது, அல்லது போய்ச் சேர்ந்துவிட்டது. வீட்டைக் காலி செய்கிற பிள்ளைகள் பழைய சாமான்களோடு சேர்த்து அவற்றையும் வாசலில் வைத்து விற்கிறார்கள். அங்கிருந்து ஒரு கோலுக்கு மூன்று வழிதான். சுவர், குப்பை, தண்ணீர். சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

"தொடாதே" கோஷ்டி

முதல் கோஷ்டி சேகரிப்பாளர்கள். இவர்களுக்கு ஒரே மந்திரம்: ஒரிஜினல். வார்னிஷ் மஞ்சள் பூத்து உரிகிறதா? விடு, அது வயசின் அழகு. வளையத்தில் நரம்பு அறுத்த பள்ளம் இருக்கிறதா? விடு, அது சரித்திரம். சுற்றிய நூல் பிரிந்து தொங்குகிறதா? ஐயோ, தொடாதே, மதிப்பு போய்விடும்!

யாருடைய மதிப்பு? எந்த மதிப்பு?

இந்த "தொடாதே" எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் புரியும். அது மூங்கில் கோல் உலகத்தின் சட்டம். ஜிம் பெய்ன், எவரெட் காரிசன் போன்ற கைவினைஞர்கள் பட்டையைத் தாங்களே சீவி, தாங்களே ஒட்டி, தாங்களே நூல் சுற்றிச் செய்த கோல்கள் உண்டு. அங்கே வார்னிஷ் பூச்சு கூட அந்தக் கையின் சாட்சி. அதைச் சுரண்டினால் சாட்சியைச் சுரண்டியதாகும். அந்தச் சட்டம் அங்கே நியாயம்.

ஆனால் ஆலைக் கண்ணாடிக் கோல் எப்படிப் பிறந்தது? கண்ணாடி இழைத் துணியை அளவாக வெட்டி, ரெசினில் ஊறவைத்து, கூம்பிச் செல்லும் எஃகுக் கம்பியின் மேல் உருட்டி, செலோஃபேன் நாடாவால் இறுக்கிச் சுற்றி, அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவி எடுத்தால் கோல். அடுத்தது. அதற்கு அடுத்தது. வளையங்களை நூல் சுற்றிக் கட்டியவர்கள் ஷிஃப்ட் கணக்கில் கட்டினார்கள். அந்த வளையமும் அந்த வருடம் மலிவாகக் கிடைத்த குரோம் முலாம் பூசிய வளையம். ஆலையின் கொள்முதல் இலாகா எடுத்த முடிவுக்குக் கோயில் கட்டிக் கும்பிடச் சொன்னால் எப்படி?

கோல் யானை இல்லை, செத்தாலும் ஆயிரம் பொன் பெற.

ஒரு வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல்தான் நிற்கின்றன. வாசிக்க வாசிக்க மெட்டு தேயும், மெழுகு இளகும், சுருதி பிசகும். அப்போது மெழுகை எடுத்துவிட்டுப் புதிதாக மேளம் கட்டுவார்கள். தந்தி மாற்றுவதற்குக் கணக்கே இல்லை. "ஐயோ, ஒரிஜினல் மெழுகு போச்சே" என்று எந்த வித்வானாவது அழுதிருக்கிறாரா? பலாமரக் குடம் அதேதான், நாதம் அதேதான். மேளம் கட்டாத வீணைதான் செத்த வீணை. தூண்டில் கோலில் குடம் எது? கண்ணாடிக் குழல். மெட்டு எது? வளையங்கள். மெழுகு எது? நூலும் வார்னிஷும். அவ்வளவுதான் விஷயம்.

இதில் அழகைத் தாண்டி இன்னொரு சங்கதி இருக்கிறது. சேகரிப்பாளர்கள் யாரும் வாயைத் திறக்காத சங்கதி. 4 பவுண்டு நரம்பு என்பது வெறும் 1.8 கிலோ தாங்கும் நைலான். பள்ளம் விழுந்த ஒரு வளையம் அதை ஒவ்வொரு வீச்சிலும் ராவிக்கொண்டே இருக்கும். பார்த்தால் தெரியாது. மீன் மாட்டி, திமிறி, இழுக்கிற சமயத்தில் பட்டென்று போகும். அப்போது ஆள் இழப்பது ஒரு மீனை மட்டும்தான். மீனோ வாயில் முள்ளோடும், பின்னால் பத்துப் பதினைந்து கஜம் நரம்போடும் நீந்திப் போகிறது. அந்த நரம்பு ஒரு வேரில் சிக்கினால் மீன் கதை அங்கேயே முடிந்தது. பழைய வளையத்தை "சரித்திரம்" என்று அப்படியே வைத்துக்கொண்டு அதே கோலோடு ஆற்றுக்கும் போகிறவர், தன் ரசனைக்கான செலவை மீனின் கணக்கில் எழுதுகிறார். சுவரில் மாட்டு, அல்லது சரிசெய்து தண்ணீருக்கு எடுத்துப் போ. இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஒரிஜினல் பஜனை பாடுவது அயோக்கியத்தனம்.

"புதுசு வாங்கிக்கோ" கோஷ்டி

இரண்டாவது கோஷ்டி இன்னும் சுலபமானது. "இந்தக் காலத்தில் போய் ஃபைபர் கிளாஸா? ஒரு கிராஃபைட் கோல் வாங்கிக்கொள். லேசு, மலிவு, முடிந்தது வேலை."

இவர்கள் சொல்வதில் பாதி உண்மை. கார்பன் இழையின் விறைப்பு சாதாரணக் கண்ணாடி இழையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு, எடையும் குறைவு. அதனால் கிராஃபைட் கோல் மெலிசாக, லேசாக, சட்டென்று நிமிர்வதாக இருக்கும். அடியில் இரை கல்லில் தட்டினால் கைக்குத் தெரியும். எதிர்காற்றில் துல்லியமாக வீச வேண்டுமென்றால் கிராஃபைட்தான் ஒசத்தி. இதை மறுத்துக் கண்ணாடிதான் உலகத்திலேயே சிறந்தது என்று ஜல்லியடிப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஜல்லி இங்கே வேண்டாம்.

ஆனால் மற்ற பாதி? ரொம்ப விறைப்பான கோலுக்கு 1.8 கிராம் இரையின் கனம் உறைக்கவே உறைக்காது. கோல் வளையாவிட்டால் வீச்சு இல்லை. கிராஃபைட்டில் நல்ல அல்ட்ராலைட் கோல்கள் இருக்கின்றன. அவற்றின் நுனியைச் சன்னமாக்கித்தான் இதைச் சமாளிக்கிறார்கள். அந்தச் சன்ன நுனி கார் கதவிலோ பாறையிலோ ஒரு தட்டு வாங்கினால் போயே போச்சு. கண்ணாடி அதே தட்டை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும். ஐம்பது, அறுபது வருடம் கொட்டகை மூலையில் கிடந்தும் இன்றைக்கும் வளைகிறது என்றால் அதற்குக் காரணம் அந்தப் பொறுமைதான்.

பி.காம். முதல் வருடக் கணக்குப் பாடத்திலேயே ஒரு சங்கதி வரும்: தேய்மானம். ஒரு இயந்திரத்தின் மதிப்பை வருடா வருடம் குறைத்து எழுதிக்கொண்டே வந்து கடைசியில் பூஜ்யமாக்குவார்கள். ஆனால் ஏட்டில் பூஜ்யமான அன்றைக்கு இயந்திரம் தானாக நின்றுவிடுவதில்லை. பட்டறையில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஏட்டு மதிப்பு வேறு, உழைக்கும் மதிப்பு வேறு. "பழசு, தூக்கிப் போடு" என்பவர் ஏட்டை மட்டும் பார்க்கிறார். வேடிக்கை என்னவென்றால், "பழசு, தொடாதே" என்கிற சேகரிப்பாளரும் ஏட்டைத்தான் பார்க்கிறார். ஒருவர் ஏட்டில் பூஜ்யம், இன்னொருவர் ஏட்டில் ஏறுமுகம். கோல் வளைகிறதா என்று இரண்டு பேருமே பார்ப்பதில்லை!

தூக்கிப் போட்டால் எங்கே போகும்? இரும்பென்றால் உருக்கலாம். மரமென்றால் மக்கும். வெந்து இறுகிய ரெசினும் கண்ணாடி இழையும் கலந்த பொருளை அப்படி உருக்கி மறுபடி வார்க்க முடியாது. காற்றாலை இறக்கைகளைக் கழித்துக் கட்டுவதில் உலகம் முழுக்கத் திண்டாடுவதும் இதே காரணத்தால்தான். காற்றாலையோடு ஒப்பிட்டால் ஒரு தூண்டில் கோல் தூசு. ஆனாலும் நன்றாக இருக்கிற ஒன்றைக் குப்பையில் போட்டுவிட்டு அதே வேலைக்கு இன்னொன்றை வாங்குவதற்குப் பெயர் முன்னேற்றம் என்றால், அந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லை.

"வெட்டு, ஒட்டு, மினுக்கு" கோஷ்டி

மூன்றாவது கோஷ்டிதான் ரொம்ப ஆபத்தானது, ஏனென்றால் இவர்கள் நல்லவர்கள் மாதிரியே இருப்பார்கள். பழைய கோலைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். பிறகு? கோலின் மேல் பூச்சை உப்புத்தாள் போட்டு இழை தெரியும் வரைக்கும் தேய்ப்பது. "ரொம்ப வளைகிறது" என்று நுனியில் நாலு அங்குலம் வெட்டுவது. பையில் வைக்க வசதி என்று இரண்டு துண்டை நான்காக்குவது. மேலே தங்க நிற வளையம், ஐந்து கலர் நூல், கண்ணாடி மாதிரி மினுக்கும் கனத்த எபாக்ஸி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை.

நுனியை வெட்டுவதை மட்டும் யோசித்துப் பாருங்கள். கூம்பிச் செல்லும் கோலில் லேசான இரைக்கு வளைவது அந்த நுனிதான். அதை வெட்டினால் மிச்சமிருப்பது விறைப்பான நடுப்பகுதி. 1.8 கிராம் வீசிய கோல் இனி 5 கிராம் கேட்கும். அது அல்ட்ராலைட் கோலே இல்லை. விறைப்பான கோல்தான் வேண்டுமென்றால் முந்தின கோஷ்டி சொன்ன மாதிரி புதுசே வாங்கியிருக்கலாமே? வெட்டின நாலு அங்குலத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

உப்புத்தாளும் அப்படித்தான். குழலின் சுவர் மெல்லியது. சுமையைத் தாங்குவது நெடுக ஓடும் கண்ணாடி இழைகள். தேய்க்கிறபோது மேல் இழைகள் அறுபடும். அறுபட்ட இடத்தில் ஒரு நாள் முறியும். அந்தத் தூசி மூச்சில் போனால் வேறு வம்பு. தோலில் பட்டால் அரிப்பு. இதற்கெல்லாம் "ரெஸ்டோரேஷன்" என்று பெயர்!

சரி, என்னதான் செய்வது?

விதி ஒன்றே ஒன்றுதான். கழற்றி மாற்ற முடிவதை எல்லாம் தாராளமாக மாற்று. திரும்பக் கொண்டுவர முடியாததை மட்டும் தொடாதே.

இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மிச்சம் தானாக வரும். எதைத் தொடுவதற்கு முன்னாலும் போட்டோ எடுத்து, ஒவ்வொரு வளையமும் நுனியிலிருந்து எத்தனை அங்குலத்தில் இருந்தது, நூல் என்ன நிறம், எவ்வளவு அகலம் சுற்றியிருந்தது என்று குறித்து வைக்க வேண்டும். நாளைக்கு யாருக்காவது பழைய கோலமே வேண்டுமென்றால் அந்தக் காகிதம் போதும். ஒரிஜினல் பக்தர்களுக்கு இதை விட என்ன மரியாதை செய்ய முடியும்?

முதலில் வளையங்களைச் சோதிக்க வேண்டும். ஒரு துளி பஞ்சை வளையத்துக்குள் விட்டு உருவினால் போதும். கண்ணுக்குத் தெரியாத வெட்டில் கூட இழை மாட்டும். மாட்டினால் அந்த வளையத்துக்கு ஓய்வு. கழற்றும்போது பிளேடு கோலின் பக்கமே போகக்கூடாது. வளையத்தின் உலோகக் காலுக்கு மேலே மட்டும் நூலைக் கீறி உரிக்க வேண்டும். கண்ணாடியில் விழும் ஒரு கீறல் போதும், முறிவுக்கு விதை. பெயிண்ட் கரைக்கும் கடுமையான கரைப்பான்கள் ரெசினையே தின்றுவிடும். ஸ்பிரிட்டும் நகமும் பொறுமையும் போதும்.

புது வளையம் போடுவதில்தான் நிஜமான மேம்பாடு இருக்கிறது. பழைய ஆலைக் கோல்களில் பெரும்பாலும் வளையங்கள் குறைவு, ஒவ்வொன்றும் இரண்டு காலோடு கனம். வளையம் குறைந்தால் மீனின் இழுவை சில இடங்களில் மட்டும் குவியும். வளையம் கூடினால் கோல் முழுக்கப் பரவும். ஆனால் எண்ணிக்கையைக் கூட்டினால் எடை கூடுமே? கூடத்தான் செய்யும். நுனியில் ஏறும் ஒவ்வொரு அரை கிராமும் கண்ணாடியை இன்னும் சோம்பேறியாக்கும். அதனால் ஒற்றைக் கால் வைத்த, பீங்கான் உள்வளையம் பதித்த சின்ன வளையங்கள்தான் சரி. ஜப்பானின் ஃபூஜி கம்பெனி 1970-களில் அலுமினியம் ஆக்ஸைடு வளையங்களையும் 1980-களின் தொடக்கத்தில் சிலிகான் கார்பைடு வளையங்களையும் கொண்டுவந்த பிறகு, நரம்பு வளையத்தில் பள்ளம் தோண்டும் கதை ஏறக்குறைய முடிந்துபோனது. இந்த வசதி 1958-ல் கோல் செய்தவனுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அவனே போட்டிருப்பான். பின்னல் நரம்பு உபயோகிக்கிறவர்களுக்கு இது இன்னும் அவசியம், குரோம் வளையத்தை அது சீக்கிரமே அறுத்துவிடும்.

எங்கே கட்டுவது என்பதற்குச் சூத்திரம் தேட வேண்டாம். வளையங்களைத் தற்காலிகமாக டேப் போட்டு ஒட்டி, நரம்பைக் கோர்த்து, கோலை வளைத்துப் பார்த்தால் கோலே சொல்லும். நரம்பின் பாதை கோலின் வளைவை ஒட்டிப் போக வேண்டும். எங்கே நேர்க்கோடாக வெட்டிக்கொண்டு போகிறதோ அங்கே வளையம் வேண்டும். பிறகு மெல்லிய நைலான் நூலை நெருக்கி நெருக்கிச் சுற்றி, எபாக்ஸியை மெலிதாகப் பூசி, இறுகும் வரைக்கும் கோலை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் வழிந்து தொப்பை போடும். பழைய நிறத்திலேயே நூல் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வானம் இடிந்து விழாது.

பூண் விஷயத்தில் கை அடங்க வேண்டும். தளர்ந்த பூணைச் சுத்தியலால் தட்டி இறுக்குவது, இறுக்கமான பூணை உப்புத்தாளால் தேய்ப்பது இரண்டும் அரை வைத்தியம். பெரும்பாலான நேரம் வெறும் அழுக்கும் களிம்பும்தான் பிரச்னை. ஸ்பிரிட்டில் துடைத்தாலே சரியாகும். பூண் கோலிலிருந்தே கழன்றிருந்தால் சூட்டில் இளகும் பசை போட்டு ஒட்ட வேண்டும். நுனி வளையத்துக்கும் அதே பசைதான். நிரந்தரமாக இறுகும் எபாக்ஸி போட்டால் அடுத்த முறை கழற்ற வருகிறவன் கோலை உடைத்துத்தான் கழற்றுவான். அடுத்தவன் ஒருவன் வருவான் என்று நினைத்து வேலை செய்வதுதான் பழுதுபார்ப்பதன் தர்மம்.

தக்கைக் கைப்பிடி கறுத்திருந்தால் சோப்புத் தண்ணீர். குழி விழுந்திருந்தால் தக்கைத் தூளும் பசையும். மிகவும் உதிர்ந்திருந்தால் அந்த வில்லைகளை மட்டும் மாற்றலாம். பழைய கோல்களில் ரீலைப் பிடிக்க இரண்டு சறுக்கு வளையங்கள்தான் இருக்கும். திருகு வைத்த நவீன இருக்கை உறுதி, ஆனால் கனம். லேசுதான் இந்தக் கோலின் பெயரிலேயே இருக்கிறது. சறுக்கு வளையம் ஆடவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். எல்லாவற்றையும் மாற்றியே தீர வேண்டும் என்பதும் ஒரு வியாதிதானே.

கம்பெனி பெயரும் மாடல் எண்ணும் எழுதிய பகுதி? அதை விட்டுவிடுங்கள். மேலே ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவே. பிறந்த ஊரை மறைக்க வேண்டிய அவசியம் எந்தக் கோலுக்கும் இல்லை.

கணக்கு

கடைசியாக ஒரு பொய்யையும் உடைத்துவிடலாம். "பழைய கோலைச் சரிசெய்து விற்றால் லாபம், நல்ல முதலீடு" என்று சொல்லித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு வளையம், நூல், எபாக்ஸி, பசை என்று பொருட்செலவை எழுதுங்கள். பல சாயங்கால வேலைக்குக் கூலி போடுங்கள். சாதாரண ஆலைக் கோலுக்குச் சந்தையில் கிடைக்கும் விலையை எதிர்ப்பக்கம் எழுதுங்கள். நஷ்டம்தான் வரும். சேகரிப்பாளர் சொல்வது அந்த அளவுக்குச் சரி: தொட்டால் அவருடைய சந்தையில் விலை ஏறாது, இறங்கலாம். பெட்டியோடு உறையோடு கைபடாமல் கிடைத்த கோலென்றால் அவரிடமே கொடுத்துவிடலாம், அது அவருடைய சந்தோஷம்.

ஆனால் அப்படிக் கிடைப்பது எத்தனை? வார்னிஷ் உரிந்து, வளையம் துருவேறி, தக்கை பிய்ந்து வருவதுதான் அதிகம். அவற்றை வாங்கி விற்கிறவன் விலையைப் பார்க்கட்டும். வைத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போகிறவன் எதற்கு விற்பனை விலைக்குப் பயப்பட வேண்டும்? இன்னொருவருக்கு என்றைக்கோ விற்கப்போகும் விலைக்காக, இன்றைக்கு உபயோகிக்காமல் ஒரு பொருளைக் காவல் காப்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் லாபம் என்று எழுதாது. அது சம்பளம் இல்லாத வாட்ச்மேன் வேலை. :-)

அந்தக் கோலை ஷிஃப்ட் முடியும் அவசரத்தில் கட்டிய தொழிலாளிக்கும், சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதை வாங்கிய முதல் சொந்தக்காரருக்கும் அது கலைப்பொருள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓடைக்குப் போகிற சாமான். வளையம் தேய்ந்தால் மாற்றியிருப்பார்கள், நூல் பிரிந்தால் கையில் கிடைத்த நூலைச் சுற்றியிருப்பார்கள். மரியாதை, மரியாதை என்கிறார்களே, அவர்கள் செய்த மாதிரியே செய்வதுதான் அவர்களுக்கு மரியாதை. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் கோல் வளைவதில்லை. வளையாத கோலுக்கும் ஒட்டடைக் கம்புக்கும் என்ன வித்தியாசம்? ஒட்டடைக் கம்பாவது ஒட்டடை அடிக்கும்.